அப்பாரு வீட்டுப் பதக்கப் பெட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தரைப்படையில் எழுத்தராகச் சேர்ந்து, நாயப் சுபேதாராக ஓய்வு பெற்று, காங்கயம் பக்கம் சொந்த ஊரில் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருப்பவன் நான். ஹிந்தி படிக்கத் தெரியும், படைத்துறைப் படிவங்களை நிரப்பத் தெரியும் என்ற இரண்டு காரணங்களுக்காகவே, சுற்று வட்டாரத்தில் யார் வீட்டில் பழைய டிரங்குப் பெட்டியைத் திறந்தாலும் எனக்கு ஆள் வந்துவிடும். வேலூர் மாவட்டத்துக் கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே அழைக்கும் அளவுக்கு அங்கே வீட்டுக்கு வீடு படைவீரர்கள் உண்டு. ஒரு பதக்கத்தைப் பற்றித் தெரிந்துகொள்ள அடுத்த திண்ணையில் கேட்டால் போதும். நம் கொங்குப் பகுதியில் வேளாண்மை, தறி, பனியன், லாரி என்று பிழைப்பு வேறு பக்கம் போய்விட்டதால், ஊருக்கு ஒருவரோ இருவரோதான் பட்டாளத்துக்காரர். அவர் வாய் திறக்காவிட்டால் அந்த வீட்டுப் பிள்ளைகளுக்குக் கேட்க வேறு ஆள் கிடையாது. ஆண்டுக்கணக்காகக் காதில் விழுந்த கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். எங்கள் பக்கத்தில் அப்பாரு என்றால் அப்பாவின் அப்பா, அப்பிச்சி என்றால் அம்மாவின் அப்பா.

பெட்டியில எட்டு மெடல் இருக்குதுங்க. எங்க அப்பாரு அவ்வளவு பெரிய வீரருங்களா?

எட்டும் வீரச்செயலுக்காகக் கிடைத்தவையாக இருக்க வாய்ப்பு மிகவும் குறைவு. படைவீரர் ஒருவர் பெறும் பதக்கங்கள் பெரும்பாலும் மூன்று வகையில் அடங்கும். குறிப்பிட்ட ஒரு வீரச்செயலுக்குத் தரப்படுபவை முதல் வகை. ஒரு போரில் அல்லது கடினமான ஒரு பகுதியில் பணியாற்றியதற்குத் தரப்படுபவை இரண்டாவது வகை. 1965 போருக்கான சமர் சேவா நட்சத்திரம், 1971 போருக்கான பூர்வி நட்சத்திரம், பஸ்சிமி நட்சத்திரம், சங்கிராம் பதக்கம், எல்லைப் பகுதிச் சேவைக்கான சைன்ய சேவா பதக்கம் ஆகியவை இதில் சேரும். இத்தனை ஆண்டுகள் பணியாற்றினார் என்பதற்காகவோ, குறிப்பிட்ட ஒரு நாளில் பணியில் இருந்தார் என்பதற்காகவோ தரப்படுபவை மூன்றாவது வகை. ஒன்பது ஆண்டு, இருபது ஆண்டு நீண்ட சேவைப் பதக்கங்களும், 1972, 1997 ஆகிய ஆண்டுகளின் சுதந்திர வெள்ளிவிழா, பொன்விழாப் பதக்கங்களும் இவ்வகையைச் சேர்ந்தவை.

அறுபதுகளில் சேர்ந்து எண்பதுகளில் திரும்பிய ஒருவரின் பெட்டியில் பின்னிரண்டு வகையிலும் ஆறேழு இருப்பது இயல்பே. இதைச் சொன்னதும் சில வீடுகளில் முகம் வாடிவிடுகிறது; வாடத் தேவையில்லை. ஆனால் பேரப்பிள்ளையிடம் பதக்கம் சொல்வதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லாதீர்கள் என்பதை இந்தத் தொகுப்பு முழுவதும் வலியுறுத்துவேன். ஒன்பது ஆண்டு சேவைப் பதக்கத்தைப் போர்க்கள வீரத்துக்கான ‘வீர் சக்ரா’ என்று நம்பி வளர்ந்த பையன் ஒருவன், பதினைந்து வயதில் கைப்பேசியில் தேடிப் பார்த்து உண்மையைக் கண்டுபிடித்தான். அப்பாரு சொன்ன உண்மையான கதைகளையும் அன்றிலிருந்து அவன் நம்புவதில்லை. இத்தனைக்கும் ‘வீர் சக்ரா’ என்று சொல்லிவைத்தவர் அப்பாரு அல்லர், பையனின் பெரியப்பா.

எல்லாம் ஹிந்தியில இருக்குதே. எது எதுக்குக் குடுத்ததுன்னு எப்படிங்க கண்டுபிடிக்கிறது?

முகப்பைப் பார்ப்பதற்கு முன்னால் விளிம்பைப் பாருங்கள். வட்டப் பதக்கத்தை இரண்டு விரலால் நிறுத்திப் பிடித்து, சன்னல் வெளிச்சத்தில் மெதுவாகச் சுழற்றினால், அந்தக் குறுகிய விளிம்பில் ஆங்கில எழுத்துகள் பொறிக்கப்பட்டிருப்பது தெரியும். படை எண், பதவி, பெயர், படைப்பிரிவு என்ற வரிசையில் அவை இருக்கும். எஸ்.பி.ஆர். என்றிருந்தால் சாப்பர், அதாவது பொறியாளர் படையின் சிப்பாய்; என்.கே. என்றிருந்தால் நாயக், எச்.ஏ.வி. என்றிருந்தால் ஹவில்தார். நட்சத்திர வடிவத்தில் இருப்பவற்றின் பின்புறத்தையும் பார்க்க வேண்டும். பெயரின் எழுத்துக்கூட்டல் விசித்திரமாக இருந்தால் குழம்ப வேண்டாம். பழனிசாமியையும் குப்புசாமியையும் வடநாட்டு எழுத்தர்கள் காதில் விழுந்தபடி எழுதினார்கள். நானும் பஞ்சாபிப் பெயர்களை அப்படித்தான் எழுதியிருப்பேன்.

பதக்கத்தின் பெயர் தேவநாகரியில் இருந்தால் பெரியவரையே படிக்கச் சொல்லுங்கள். பள்ளியில் படிக்காத ஹிந்தியைப் பாசறையில் பேசிப் பழகியவர்கள் அதைப் பேத்திக்கு எழுத்துக்கூட்டிக் காட்டும்போது வரும் மகிழ்ச்சி தனி. ரிப்பனின் மேல் சிறு உலோகப் பட்டை இருந்தால் அதையும் விடாதீர்கள். சைன்ய சேவா பதக்கத்தில் ‘ஜம்மு காஷ்மீர்’, ‘ஹிமாலயா’ போன்ற பெயர்கள் அந்தப் பட்டையில்தான் இருக்கும். இறுதிச் சான்று, பணியிலிருந்து விடுபடும்போது படை கொடுக்கும் டிஸ்சார்ஜ் புத்தகம். அதில் பதக்கங்களுக்கென்று தனி இடம் உண்டு. பெட்டியில் இருப்பதும் புத்தகத்தில் இருப்பதும் பொருந்துகின்றனவா என்று ஒருமுறை சரிபார்த்துவிட்டால் பாதிச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

சுபேதாரா ரிட்டையர் ஆனவருங்க, மெடல்ல நாயக்குன்னு போட்டிருக்குது. தப்பா அடிச்சுட்டாங்களா?

தவறு இல்லை. அந்தப் பதக்கத்துக்கு உரியவரானபோது அவர் வகித்த பதவியே பொறிக்கப்படும். இதில் பேரப்பிள்ளைக்கு ஒரு நல்ல விளையாட்டு இருக்கிறது: எல்லாப் பதக்கங்களையும் பதவி வாரியாக வரிசைப்படுத்தினால், அப்பாரு சிப்பாயிலிருந்து படிப்படியாக ஏறியது விரித்த துண்டின் மேல் இடமிருந்து வலமாகத் தெரியும்.

1971 மெடல் இருந்தா, அவரு சண்டையில நேரா நின்னாருன்னு அர்த்தமுங்களா?

கட்டாயம் அப்படிப் பொருளில்லை. போர் நடந்தது 1971 டிசம்பர் 3 முதல் 16 வரை. கிழக்கு முனையில் பணியாற்றியவர்களுக்குப் பூர்வி நட்சத்திரம், மேற்கு முனையில் பணியாற்றியவர்களுக்குப் பஸ்சிமி நட்சத்திரம். சங்கிராம் பதக்கமோ அப்போது படையில் இருந்தவர்களுக்குப் பரவலாகத் தரப்பட்டது. ஆகவே பெட்டியில் சங்கிராம் மட்டும் இருந்து நட்சத்திரம் இல்லாவிட்டால், அவர் போர்முனைக்கு வெளியே இருந்திருக்கலாம்.

நட்சத்திரம் இருந்தாலும் அவர் துப்பாக்கியுடன் பதுங்குகுழியில் இருந்தாரா, விளக்கில்லாமல் இரவில் லாரி ஓட்டி வெடிமருந்து கொண்டுபோனாரா, கண்ணிவெடி வயலில் வழி திறந்தாரா என்பதைப் படைப்பிரிவின் பெயரும் அவர் வாய்ச்சொல்லும்தான் சொல்லும். தமிழ்நாட்டவர் பலர் சேர்ந்த மெட்ராஸ் எஞ்சினியர் குழுமத்தார், ‘தம்பிகள்’ என்று படை முழுவதும் அறியப்படுபவர்கள். அந்தப் போரில் மேற்கு முனையில் பசந்தர் ஆற்றங்கரைக் கண்ணிவெடிகளுக்கு நடுவே பீரங்கி வண்டிகளுக்கு வழி திறந்தவர்கள் அவர்கள். சமையல்காரராக இருந்த ஒருவர், “நான் ரொட்டி சுட்டேன், வேறொன்றும் சுடவில்லை” என்று பேரனிடம் சொன்னார். அந்த நேர்மைக்கு முன்னால் எனக்கு எந்த நட்சத்திரமும் பெரிதாகப் படவில்லை.

அப்போ உண்மையிலேயே உசந்த மெடல் எதுங்க?

போர்க்களத்தில் பகைவரின் முன்னிலையில் காட்டும் வீரத்துக்கு முறையே பரம் வீர் சக்ரா, மகா வீர் சக்ரா, வீர் சக்ரா ஆகியவை உள்ளன. இவை 1950 ஜனவரி 26 அன்று நிறுவப்பட்டு, 1947 ஆகஸ்டு 15 முதல் நடைமுறைக்கு வந்ததாகக் கொள்ளப்பட்டன. பகைவர் படையை எதிர்கொள்ளாத பிற சூழல்களுக்கு அசோக சக்ரா, கீர்த்தி சக்ரா, சௌர்ய சக்ரா. இவற்றையடுத்து 1960இல் ஏற்படுத்தப்பட்ட சேனா பதக்கம் வருகிறது. பெட்டியில் பாதி கருநீலமும் பாதி காவியுமான ரிப்பன் இருந்தால் அது வீர் சக்ராவாக இருக்கக்கூடும். சிவப்பின் நடுவே ஒரு வெள்ளைக் கோடு இருந்தால் சேனா பதக்கமாக இருக்கக்கூடும். அப்படியானால் உடனே டிஸ்சார்ஜ் புத்தகத்தை எடுங்கள்.

பரம் வீர் சக்ரா இதுவரை 21 பேருக்கு மட்டுமே வழங்கப்பட்டிருக்கிறது. அவர்களில் ஒருவர், 1987 நவம்பர் 25 அன்று இலங்கையில் உயிர்நீத்த மேஜர் ராமசாமி பரமேஸ்வரன். பதக்கத்தை வடிவமைத்தவர் சுவிட்சர்லாந்தில் பிறந்து இந்தியப் படை அதிகாரியை மணந்த சாவித்திரி கானோல்கர் என்பதைப் பேத்திகளிடம் சொல்ல மறக்காதீர்கள்.

இது தங்கமா வெள்ளியாங்க? வித்தா எவ்வளவு வரும்?

பரம் வீர் சக்ராவே வெண்கலத்தால் ஆனது. வீர் சக்ராவும் சேனா பதக்கமும் வெள்ளி. சேவைப் பதக்கங்கள் பெரும்பாலும் செம்பும் நிக்கலும் கலந்த உலோகம். நகைக்கடைத் தராசில் வைத்தால் ஒருவேளைச் சாப்பாட்டுச் செலவுகூடத் தேறாது. பழம்பொருள் சேகரிப்பவர்கள் கூடுதலாகத் தரலாம். ஆனால் அவர்கள் வாங்குவது விளிம்பில் இருக்கும் உங்கள் அப்பாரின் பெயரை.

புளி போட்டுத் தேய்ச்சா பளபளன்னு வருமுங்களே, தேய்க்கலாமுங்களா?

கூடாது. குத்துவிளக்குக்கு ஏற்ற புளியும் சாம்பலும் பதக்கத்துக்குப் பகை. படையில் இடுப்புவார்க் கொக்கியைப் பிராசோ போட்டுத் தேய்த்துத் தேய்த்துக் கை பழகிய பெரியவர்களே பலமுறை இந்தத் தவற்றைச் செய்கிறார்கள். ஒவ்வொரு தேய்ப்பிலும் ஒரு மெல்லிய அடுக்கு உலோகம் போகிறது. முதலில் மங்குவது விளிம்பு எழுத்து. எழுத்து போய்விட்டால் பதக்கம் யாருடையது என்பதற்கு வாய்ச்சொல் மட்டுமே சாட்சி. மெல்லிய பருத்தித் துணியால் தூசியைத் துடைத்தால் போதும். கறுத்திருந்தால் கறுத்தபடியே இருக்கட்டும்.

ரப்பர் பேண்டு போட்டுக் கட்டாதீர்கள், அதிலுள்ள கந்தகம் வெள்ளியைக் கறுக்கச் செய்யும். ரிப்பனை வெயில் படும் சுவரில் மாட்டினால் ஓரிரு ஆண்டுகளில் நிறம் வெளுத்துவிடும். பொள்ளாச்சி, வால்பாறைப் பக்கம் ஈரப்பதம் அதிகம் என்பதால், மருந்துப் புட்டியோடு வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள் இரண்டைப் பெட்டிக்குள் போட்டுவைக்கலாம். கண்ணாடிச் சட்டத்தில் மாட்ட விரும்பினால், பசை போட்டு ஒட்ட விடாதீர்கள், நூலால் தைத்துப் பொருத்தச் சொல்லுங்கள்.

சின்னப் பிள்ளைகிட்டக் குடுத்தா தொலைச்சுப் போடாதுங்களா? எந்த வயசுல காட்டலாம்?

கையில் எடுத்துப் பார்க்கத் தெரிந்த வயதிலேயே காட்டலாம். ஊசி குத்தாமல் பார்த்துக்கொண்டால் சரி. எங்கள் ஊரில் ஒரு முன்னாள் சாப்பர், மஞ்சள் வேகும் வாசம் ஊரெல்லாம் இருந்த ஒரு மாசி மாதத்து மத்தியானத்தில், கயிற்றுக் கட்டிலின் மேல் ஈரிழைத் துண்டை விரித்து ஐந்து பதக்கங்களையும் வைத்தார். நானும் பக்கத்தில் இருந்தேன். ஒன்பது வயதுப் பேத்தி உலோகத்தைத் தொடவே இல்லை. முதலில் பின்பக்கத்து ஊசியைத்தான் பார்த்தாள். “அப்பாரு, இது சட்டையை ஓட்டை பண்ணிப்போடாதா?” என்று கேட்டாள். அவர் சிரித்துக்கொண்டே பெட்டியின் அடியிலிருந்து பச்சைச் சட்டையை எடுத்து, இடது பையின் மேல் இருந்த துளைகளை அவள் விரலால் தடவிப் பார்க்கவைத்தார். பிறகு அவள் சந்தையில் வெல்லம் நிறுப்பவள் போல ஒரு கைக்கு ஒன்றாக எடுத்து எடை பார்த்தாள்.

“யாரு குடுத்தாங்க, ஜனாதிபதியா?” என்பது அடுத்த கேள்வி. “இல்லை கண்ணு, தபால்காரர். நான் சோளக்காட்டுக்கு உரம் போட்டுக்கொண்டிருந்தேன், வரப்பில் நின்று கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தார்” என்றார். அவளுக்குச் சற்று ஏமாற்றம்தான். ஆனாலும் அந்தத் தபால்காரர் கதையைத்தான் அவள் பள்ளியில் போய்ச் சொன்னாள்.

எங்க அப்பிச்சி பட்டாளத்தைப் பத்தி வாயே திறக்க மாட்டேங்கறாரு. என்னங்க பண்றது?

நாற்காலியில் உட்காரவைத்து, எதிரே கைப்பேசியை நிறுத்தி, “சண்டையைப் பற்றிச் சொல்லுங்கள்” என்று கேட்டால் யாரும் பேசமாட்டார்கள். குளிர் எப்படி இருந்தது, சாப்பாட்டுக்கு என்ன போட்டார்கள், லீவுக்கு ஊர் வந்துசேர எத்தனை நாள் ஆனது, பக்கத்துக் கட்டிலில் படுத்தவர் எந்த ஊர்க்காரர் என்று தொடங்க வேண்டும். கையில் ஒரு வேலை இருக்கும்போது பேச்சு தானாக வரும். என் அனுபவத்தில், இரவில் தண்ணீர் கட்டும்போது மடை மாறுவதற்குக் காத்திருக்கும் அரைமணி நேரத்தைவிட நல்ல வேளை கிடையாது. முகம் தெரியாத இருட்டு பலருக்கு வசதியாக இருக்கிறது.

சிலர் பேசாமல் இருப்பதற்கு வேறு காரணம் உண்டு. உறக்கத்தில் கத்துவது, பட்டாசுச் சத்தத்துக்கு நடுங்குவது, தீபாவளியன்று தோட்டத்துச் சாளையில் போய்த் தனியாகப் படுத்துக்கொள்வது என்று இருந்தால், கதை கேட்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். முன்னாள் படைவீரர்களுக்கான இ.சி.எச்.எஸ். மருத்துவமனையில் மனநல மருத்துவரிடம் அனுப்பிவைக்கச் சொல்லிக் கேட்கலாம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், தமிழிலேயே பேசலாம்.

பேரன் எல்லாரு முன்னாலயும் ‘எத்தனை பேரைச் சுட்டீங்க’ன்னு கேட்டுப்போட்டானுங்க. என்ன பதில் சொல்றது?

கேட்ட பிள்ளையை அதட்டாதீர்கள். கைப்பேசி விளையாட்டில் எண்ணிக்கைதான் வெற்றி என்று பழகிய பிள்ளை அது. பதில் சொல்வதா வேண்டாமா என்பது பெரியவரின் உரிமை. பக்கத்தில் இருப்பவர்கள் அவருக்காக ஓர் எண்ணைச் சொல்வதுதான் பெரிய பிழை. ஒரு பெரியவர், “நான் எண்ணியது எங்கள் ஆட்களைத்தான், காலையில் எண்ணும்போது இரண்டு பேர் குறைந்தார்கள்” என்றார். பையன் அதற்குமேல் கேட்கவில்லை. அந்த இருவரின் பெயரை மட்டும் கேட்டுத் தெரிந்துகொண்டான்.

குடியரசு தினத்துக்கு எம்பையன் அப்பாரு மெடலைக் குத்திட்டு ஸ்கூலுக்குப் போலாமுங்களா?

பெற்றவர் உயிரோடு இருக்கும்வரை அவை அவருடைய இடது மார்புக்கு உரியவை. உயர்ந்தது மார்பின் நடுப்பக்கமாகவும் மற்றவை வரிசையாகத் தோள்பக்கமாகவும் அமையும். அவரையே பள்ளிக்கு அழைத்துச் செல்லுங்கள். வெள்ளை வேட்டி சட்டையில் பதக்கங்களோடு ஒருவர் கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில் நின்றால் பேச்சுப்போட்டியே தேவையில்லை. அவரால் நடக்க முடியாவிட்டால், பையன் ஒரு தட்டில் துணி விரித்து எடுத்துப்போய்க் காட்டட்டும்.

பெரியவர் காலமாகியிருந்தால், போர் நினைவிடம், கல்லறை, இறுதிச் சடங்கு ஆகிய இடங்களில் அஞ்சலி செலுத்தும்போது, நெருங்கிய உறவினர் அவற்றை வலது மார்பில் அணியத் தரைப்படை இடமளித்திருக்கிறது. வலப்பக்கம் என்றால் ‘இவை என்னுடையவை அல்ல, என் முன்னோருடையவை’ என்று பொருள். படைவீரர் என்று பிறரை நம்பவைக்கும் நோக்கத்தோடு சீருடையோ அடையாளமோ அணிவது, இன்றைய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 168ஆம் பிரிவின்படி குற்றம். மாறுவேடப் போட்டியில் ஏழு வயதுப் பையனுக்கு அந்த நோக்கம் இருக்காதுதான். என்றாலும் அங்கே கடைப் பதக்கத்தைக் குத்திவிடுங்கள், அசலைக் கூட்டத்துக்குள் அனுப்பாதீர்கள்.

விளிம்புல பேரே இல்லைங்க. அப்போ அது டூப்ளிகேட்டுங்களா?

பெரியவரைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள். அறிவிக்கப்பட்ட பதக்கம் கைக்கு வந்துசேர ஆண்டுகள் பல ஆவதுண்டு; மேலே சொன்ன தபால்காரர் கதையும் அதுதான். அணிவகுப்புக்குப் பதக்கம் கட்டாயம் வேண்டும் என்பதால், பாசறைக் கடைவீதித் தையல்காரரிடம் நகல் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கிக் குத்திக்கொள்வார்கள். நானும் வாங்கியிருக்கிறேன். ஆகவே பதக்கம் நகலாக இருந்தாலும் அதற்கான உரிமை அசலாக இருக்கலாம். டிஸ்சார்ஜ் புத்தகத்தில் பதிவு இருந்தால் அசலையே கேட்டு விண்ணப்பிக்க வழி உண்டு.

தொலைஞ்சு போச்சுங்க. திரும்ப வாங்க முடியுமுங்களா?

படைப்பிரிவின் ஆவணக் காப்பகத்துக்கு, அதாவது நம் ஆட்கள் ரெக்கார்டு ஆபீஸ் என்று சொல்லும் இடத்துக்கு எழுத வேண்டும். மெட்ராஸ் ரெஜிமெண்டுக்கு அது நீலகிரி வெலிங்டனில் இருக்கிறது. மெட்ராஸ் எஞ்சினியர் குழுமத்துக்குப் பெங்களூரு, தகவல் தொடர்பைப் பார்க்கும் சிக்னல்ஸுக்கு ஜபல்பூர், பீரங்கிப் படைக்கு நாசிக் ரோடு, மின், இயந்திரப் பொறியாளர்களின் இ.எம்.இ. பிரிவுக்குச் செகந்திராபாத். படை எண், பதவி, பெயர், சேர்ந்த நாள், விடுபட்ட நாள் ஆகியவற்றைத் தெளிவாக எழுதி, டிஸ்சார்ஜ் புத்தகத்தின் நகலை இணைத்து அனுப்புங்கள். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால், மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் கேளுங்கள். பதில் தாமதமாகத்தான் வரும். பதிவு அஞ்சல் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள்.

மெடலுக்கு மாசாமாசம் பணம் வருமாமே, பேரனுக்கும் வருமுங்களா?

பணம் வருவது வீரப் பதக்கங்களுக்கு மட்டுமே; முதல் பதிலில் சொன்ன மற்ற இரண்டு வகைகளுக்கும் வராது. 2017 ஆகஸ்டு முதல் மத்திய அரசின் மாதப்படி பரம் வீர் சக்ராவுக்கு 20,000 ரூபாய், மகா வீர் சக்ராவுக்கு 10,000, வீர் சக்ராவுக்கு 7,000, வீரத்துக்கான சேனா பதக்கத்துக்கு 2,000 என்று உயர்த்தப்பட்டது. சிறப்பான பணிக்காகத் தரப்படும் சேனா பதக்கமும் அதே பெயரில்தான் இருக்கிறது. அதற்கு இந்தப் படி இல்லை. பெற்றவருக்குப் பின் அவர் மனைவிக்குத் தொடரும் இந்தத் தொகை பேரப்பிள்ளைகள்வரை வருவதில்லை.

அப்பிச்சி இலங்கைக்குப் போனவருங்க. பேத்தி, ‘நம்ம சனத்தையே சுட்டீங்களா’ன்னு கேக்கறா.

எனக்கு வந்த கேள்விகளிலேயே கடினமானது இதுதான். கேட்ட வீட்டில் அரைமணி நேரம் யாரும் பேசவில்லை. முதலில் நாள்களைச் சொல்லுங்கள். 1987 ஜூலை 29 அன்று பிரதமர் ராஜீவ் காந்தியும் இலங்கை அதிபர் ஜெயவர்த்தனாவும் இந்திய-இலங்கை ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அமைதி காக்கும் படை என்ற பெயரில் நம் வீரர்கள் போனார்கள். வரவேற்ற சனங்களே சில மாதங்களில் அஞ்சி ஒதுங்கினார்கள்; அக்டோபரில் விடுதலைப் புலிகளுடன் போர் மூண்டது. 1990 மார்ச் 24 அன்று கடைசிப் பிரிவும் திரும்பியபோது ஏறத்தாழ 1,200 இந்திய வீரர்கள் இறந்திருந்தார்கள். ஈழத் தமிழ்ப் பொதுமக்கள் பட்ட துன்பமும் சாவும் அதே காலத்தில் நடந்தவையே. அவற்றை மறைத்துக் கதை சொன்னால் பேத்தி வேறு இடத்தில் தெரிந்துகொள்வாள். சென்னைக்குத் திரும்பிய படையை அன்றைய முதலமைச்சர் மு. கருணாநிதி வரவேற்கச் செல்லவில்லை என்பதும் இந்த வரலாற்றின் ஒரு பகுதி.

‘ஸ்ரீலங்கா’ என்ற பட்டையோடு கிடைத்த சிறப்புச் சேவைப் பதக்கம், அவர் அங்கே அனுப்பப்பட்டார், பணியாற்றினார் என்பதை மட்டுமே சொல்கிறது. போவதா வேண்டாமா என்று சிப்பாயைக் கேட்டு யாரும் முடிவெடுக்கவில்லை. அந்த வீட்டு அப்பிச்சி கடைசியில் சொன்னது இது: யாழ்ப்பாணத்தில் ஒரு சோதனைச் சாவடியில் நின்றபோது, ஒரு மூதாட்டி அவருடைய தமிழைக் கேட்டு, “நீ எந்த ஊர் மோனே?” என்று கேட்டாராம். பதில் சொல்லக்கூடாது என்று உத்தரவு. “இன்னிக்கு வரைக்கும் அந்தம்மாவுக்கு நான் பதில் சொல்லலை, சாமி” என்றார். அந்தப் பதக்கத்தை அவர் ஒருநாளும் குத்திக்கொண்டதில்லை. தூக்கி எறிந்ததும் இல்லை.

முதல் உலகப் போருக்குப் போன பாட்டனோட மெடல் இருக்குதுங்க. வெளிநாட்டுல நல்ல விலைக்குக் கேக்கறாங்க.

அனுப்பாதீர்கள். நூறு ஆண்டைக் கடந்த பொருள் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும். அதைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்புவதற்குத் தடை இருக்கிறது. அக்காலத்துப் பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்திலும் வெற்றிப் பதக்கத்திலும் விளிம்பில் பெயர் இருக்கும். பாட்டன் போரில் இறந்தவரானால், காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் பட்டியலில் அவர் பெயர் இருக்கிறதா என்று பேரனே வலைத்தளத்தில் தேடிப் பார்க்கலாம்.

மூணு மகனுங்க, ரெண்டு மகளுங்க. மெடலை எப்படிப் பங்கு போடறது?

காட்டையும் கிணற்று முறைத் தண்ணீரையும் பங்கு போடுவதுபோல இதைப் போடாதீர்கள் என்பது என் கருத்து. எனக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தில் ஆளுக்கொன்றாகப் பிரித்தார்கள். ஒன்று திருப்பூரில் இருக்கிறது, ஒன்று வெளிநாட்டில் இருக்கிறது, மற்றொன்று எங்கே என்று யாருக்கும் தெரியாது. பதவி ஏறியதைப் பதக்க வரிசையில் படிக்கலாம் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்த வரிசை அறுந்துவிட்டது.

சட்டப்படி இவை பெரியவரின் சொந்த அசையும் சொத்து. யாருக்கு என்று அவரே உயில் எழுதிவைக்கலாம். இரண்டு சாட்சிகள் போதும், பதிவு செய்தே ஆகவேண்டும் என்பதில்லை. மூத்த மகனுக்குத்தான் என்று ஒரு விதியும் கிடையாது. விளிம்பு எழுத்தைப் படித்து, கதையை நோட்டில் எழுதிவைத்திருக்கும் பிள்ளை யாரோ அந்தப் பிள்ளைக்கே போகட்டும். மகள் வயிற்றுப் பேத்தியாக இருந்தாலும் சரி. மற்றவர்களுக்கு நல்ல ஒளிப்படங்களை எடுத்துக் கொடுங்கள். அந்தப் படங்களைப் போடும்போது படை எண்ணும் ஓய்வூதிய ஆணை எண்ணும் தெரியும்படி வாட்ஸ்அப் குழுவில் போடாதீர்கள். ஓய்வூதியக் கணக்கைக் குறிவைக்கும் மோசடிக்காரர்களுக்கு அதுவே போதும். வீட்டில் வைத்துக் காக்க ஆளில்லை என்றால், படைப்பிரிவு மையத்து அருங்காட்சியகத்தை எழுத்து மூலம் அணுகி, ஒப்புகைச் சீட்டு வாங்கிக்கொண்டு கொடுக்கலாம்.

அப்பாரு போயிட்டாருங்க. மெடலையும் கூடவே வெச்சு அனுப்பிடலாமுங்களா?

இந்தக் கேள்வி பெரும்பாலும் துக்க வீட்டிலிருந்து தொலைபேசியில்தான் வருகிறது, அதனால் சுருக்கமாகவே சொல்வேன். உடல் வீட்டில் இருக்கும்வரை பதக்கங்களைத் துணி விரித்த தட்டில் தலைமாட்டில் வைக்கலாம். எடுக்கும் நேரத்தில் எடுத்துவிடுங்கள். தேசியக் கொடி போர்த்தப்பட்டிருந்தால் அதையும் மடித்து எடுத்துவிட வேண்டும், நெருப்பிலோ மண்ணிலோ போகக்கூடாது. சென்ற ஆண்டு அப்படி ஒரு வீட்டில், யார் கையில் கொடுப்பது என்று பங்காளிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, பதினோரு வயதுப் பேத்தி தட்டை வாங்கிக்கொண்டாள். கூட்டம் கிளம்பியதும் என்னிடம் வந்து, “வலப்பக்கம்தானுங்க தாத்தா?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். ஊசி சட்டையைக் கிழிக்காமல் இருக்க, அடியில் ஒரு கைக்குட்டையை மடித்து வைத்துக் குத்திவிட்டேன்.